கணக்கு மாறவில்லை, ரத்தம்தான் மாறியது

நடுவர் அவர்களே, பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் பார்க்கிங் தேடிக் களைத்து வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

‘மன அழுத்தம் முடிவெடுக்கும் அறிவைக் கூர்மையாக்குகிறதா, மழுங்கடிக்கிறதா?’ மழுங்கடிக்கிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணி அக்கா கேட்டார்: “தோட்டத்தில் பாம்பைப் பார்த்தவன் யோசித்துக்கொண்டா நிற்பான்? பதற்றம்தானே காப்பாற்றுகிறது?” நானும் கைதட்டினேன். ஆனால் அக்கா, துள்ளிக் குதிப்பது ஒரு முடிவா? அதற்கு அட்ரினலின் போதும். நொடியில் வரும், வேலை முடிந்ததும் போய்விடும். பின்னாலேயே ஒருவர் ஆடி அசைந்து வருகிறார், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கிளம்பி, ரத்தத்தில் உச்சம் தொட அவருக்கு 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் பாம்பு பக்கத்துத் தோட்டத்துக்கே போயிருக்கும்! கடன், வேலை என்று கவலை நாள்கணக்கில் நீண்டால், வந்த விருந்தாளி கிளம்புவதே இல்லை.

2014இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், தன்னார்வலர்களுக்கு 8 நாள் மருந்து கொடுத்து கார்ட்டிசாலை 69 விழுக்காடு ஏற்றினார்கள். பணத்தை வைத்து, ‘இது வேண்டுமா, அது வேண்டுமா’ என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் பெரிய மாற்றம் இல்லை. எட்டாம் நாள், அதே ஆட்கள் ஆபத்தைக் கண்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

“ஜாக்கிரதை நல்லதுதானே?” என்று எதிரணி எழுந்திருக்கும். உட்காருங்கள். லாப நட்டக் கணக்கு மாறவில்லை, ரத்தம்தான் மாறியது. அதற்குப் பெயர் ஜாக்கிரதையா?

என் மாமா கதைக்கு வருகிறேன். 1997இன் தொடக்கத்தில் கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1,200ஐத் தாண்டி நின்றது. அப்போது மாமா ராஜா. அப்புறம் ரிங்கிட் சரிந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் அவர் சரியாகத் தூங்கவில்லை. பசியாறும்போதுகூட பங்கு விலைப் பக்கத்தை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார், தோசை ஆறிப்போகும். 1998 ஆகஸ்ட் கடைசியில், “போதும்டா சாமி” என்று எல்லாவற்றையும் விற்றார். செப்டம்பர் 1ஆம் தேதி குறியீடு 262. அதுதான் அடிமட்டம். அதன்பின் சந்தை ஏறியது. மாமா கையில் ஒரு பங்கும் இல்லை. மனிதர் முட்டாள் இல்லை, கணக்கு வாத்தியார்!

அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். முறைக்காதீர்கள் மாமா, பெயர் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். சரி, முடிக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒரு தே தாரேக் குடியுங்கள். எதிரணி அவசரப்படுத்தும், நாங்கள் காத்திருக்கிறோம்.