யாரும் அத்தை என்று அழைக்காத அத்தை

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்களும் குடும்ப ரகசியங்களும் என்று தலைப்பைச் சொல்லி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நம் பக்கத்துக் கதை ஏதாவது சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளாக என் மனதில் உட்கார்ந்திருப்பது வேறொரு குடும்பம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான வட கரோலினாவில் வாழ்ந்த குடும்பம் அது.

அங்கே தெற்கு என்றால் வெறும் திசை இல்லை. அடிமை முறையை விடமாட்டோம் என்று 1861-ஐ ஒட்டிப் பிரிந்து போய்ப் போர் தொடுத்த மாநிலங்கள் அவை. அந்த மண்ணின் பெரிய வீடுகளில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அடிமைப் பெண்ணின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு எஜமானின் முகம் இருக்கும். மேரி செஸ்நட் என்ற தென் கரோலினாச் சீமாட்டி அந்தக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிவைத்தார். அடுத்த வீடுகளில் இருக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கெல்லாம் அப்பன் யார் என்று ஒவ்வொரு சீமாட்டியும் சொல்லிவிடுவாளாம். தன் வீட்டுக் குழந்தைகள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைத்துக்கொள்வாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

மறைப்பதற்குச் சட்டமும் துணை நின்றது. பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று 1662-லேயே வர்ஜீனியாவில் சட்டம் வந்துவிட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. தகப்பனுக்கு அதில் லாபம் வேறு, சொத்துக் கணக்கில் ஒரு தலை கூடும்.

சரி, நம் குடும்பத்துக்கு வருவோம். வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்ற ஊர்ப் பக்கம் ஸ்மித் என்ற மருத்துவர் இருந்தார். 1834-ல் தன் மகள் மேரி ரஃபின் ஸ்மித்துக்கு வேலைக்காரியாக இருக்கட்டும் என்று பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை விலைக்கு வாங்கினார். அவள் பெயர் ஹாரியட். அவள் வளர்ந்து, அடிமையல்லாத ஒரு கறுப்பினத்தவரை மணந்தாள். ஒரு மகன் பிறந்தான். மேரியின் தம்பிகள் இருவருக்கும் ஹாரியட் மேல் கண். அவள் கணவனை அடித்து, இந்தப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் இளைய தம்பி சிட்னி அவளது குடிசைக் கதவை உடைத்து உள்ளே போனான். இப்படித்தான் அந்தக் குடும்பத்தில் இந்தக் கதை வழிவழியாக வந்திருக்கிறது. 1844-ல் கொர்னீலியா பிறந்தாள். அப்புறம் மூத்த தம்பி பிரான்சிஸ் மூலமாக ஹாரியட்டுக்கு இன்னும் மூன்று பெண்கள்.

இந்த நான்கு பெண்களுக்கும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று ஆங்கிலத்தில் விளக்கப் பாதி நாள் வேண்டும். தமிழில் சிக்கலே இல்லை. தாய் வழியில் பார்த்தாலும் அக்கா தங்கை, தகப்பன் வழியில் பார்த்தாலும் அக்கா தங்கை. மேரி என்ன உறவு? அப்பாவுடன் பிறந்தவள். அத்தை.

அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் மிஸ் மேரி. திருமணமே செய்துகொள்ளாத அந்த மேரி, தம்பிமார் பெற்ற நான்கு பெண்களையும் பெரிய வீட்டிலேயே வைத்து வளர்த்தாள். அவர்கள் முழு அடிமையும் இல்லை, முழுப் பிள்ளையும் இல்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். மேரி கீழே உட்காருவாள், பெண்கள் மேலே அடிமைகளுக்கான மாடத்தில். 1854 டிசம்பரில் சேப்பல் ஆஃப் த கிராஸ் என்ற அந்தக் கோயிலில் அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி ஸ்மித்துக்குச் சொந்தமான வேலைக்காரப் பிள்ளைகள் என்றுதான் பதிவேடு அவர்களைச் சொல்கிறது. மேரியைக் கெட்டவள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நல்லவள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கொர்னீலியா, போரில் வடக்குப் படையில் இருந்து பிறகு விடுதலையான அடிமைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஆசிரியரை மணந்து, கடைசியில் டர்ஹாம் நகரில் குடியேறினார். முதுமையில் அவர் வாயை யாராலும் அடக்க முடிந்ததில்லை. தான் ஸ்மித் வம்சம், தன் அப்பா வழக்கறிஞர் என்று அக்கம்பக்கம் கேட்கப் பெருமை பேசுவார். இதைக் கேட்டு வளர்ந்தது ஒரு பேத்தி. மூன்று வயதில் தாயை இழந்து, 1914-ல் பெரியம்மா பாலினிடம் வந்து சேர்ந்த குழந்தை. அவர்தான் பாலி மர்ரே. பின்னாளில் வழக்கறிஞராகி, இனப் பாகுபாட்டையும் பெண்களுக்கெதிரான பாகுபாட்டையும் சட்டத்தால் எப்படி உடைக்கலாம் என்று வழி காட்டியவர்.

என்னை உறுத்துவது அந்தப் பாட்டியின் பெருமைதான். இந்த வீட்டில் தகப்பன் பெயர் ரகசியமே இல்லை, பாட்டி அதைத் தண்டோரா போட்டார். அந்தச் சத்தத்துக்கு அடியில் அமுங்கிப் போனது தாய்க்கு நடந்தது. சிட்னி ஸ்மித்தின் மகள் என்று சொல்லும்போது தலை நிமிர்கிறது, ஹாரியட்டின் மகள் என்று சொன்னால் அந்தக் குடிசைக் கதவு நினைவுக்கு வருமே. பேத்திக்கு இது சின்ன வயதில் புரியவில்லை. பாட்டியின் வெள்ளைப் பெருமை எரிச்சலாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, வீட்டில் கேட்டதோடு சேர்த்து, ஹாரியட்டில் தொடங்கி குடும்பக் கதை முழுவதையும் எழுதி 1956-ல் புத்தகமாக்கினார். பெற்றவளைப் பற்றி அதிகம் பேசாத பாட்டியோடு பேத்தி சமாதானமானது அந்த எழுத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். பாட்டி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே போய்விட்டார்.

இடையில் ஒன்று நடந்தது. மிஸ் மேரி 1885-ல் இறந்தபோது கொர்னீலியாவுக்கு நூறு ஏக்கர் எழுதிவைத்தார். சொத்தின் பெரும்பகுதி திருச்சபைக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் போனது. 1938-ல் அதே பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு பாலி மர்ரே விண்ணப்பித்தார். உங்கள் இனத்தவரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. கொள்ளுப்பாட்டியின் உழைப்பும் சேர்ந்த சொத்தில் பங்கு பெற்ற கல்லூரி, கொள்ளுப்பேத்தியை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இத்தனை ரகசியத்தைத் திறந்தவருக்கும் சொந்தமாக ஒன்று இருந்தது. தன்னை உள்ளுக்குள் ஆணாகவே உணர்ந்ததும், அதற்காக மருத்துவர்களைத் தேடி அலைந்ததும் அவர் வாழ்நாளில் வெளியே பேசாத விஷயங்கள். ஆனால் அதையெல்லாம் எழுதிவைத்த தாள்களைக் கிழித்துப் போடவில்லை, காப்பகத்தில் படிக்கக் கிடைக்கும்படி விட்டுப்போனார்.

1977 ஜனவரியில், அறுபத்தாறு வயதில், எபிஸ்கோப்பல் என்ற கிறிஸ்தவத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அடுத்த மாதம் 13-ஆம் தேதி, தன் முதல் திருவிருந்து ஆராதனையை நடத்த அவர் போன இடம் சாப்பல் ஹில். பாட்டிக்கு ஞானஸ்நானம் நடந்த அதே சிறிய கோயில்.

வேதம் வாசிக்க அவர் கையில் இருந்தது பாட்டி கொர்னீலியாவின் வேதாகமம். அதை வைத்து வாசித்த மேசையில் ஒரு பெயர் பொறித்திருக்கிறது: மேரி ரஃபின் ஸ்மித். அவர் நினைவாகக் கோயிலுக்குக் கிடைத்த மேசை.

அந்தப் பெயருக்கு மேலே பாட்டியின் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பேத்தி வாசித்தார். மாடத்திலிருந்து இல்லை, கீழே, எல்லோருக்கும் முன்னால் நின்று.

நன்றி, வணக்கம்.