1,800 ரூபாய் கொடுத்துக் கோரை வளர்த்திருக்கிறேன்

வணக்கம், வணக்கம். எனக்குப் பின்னால் பச்சைப்பசேல் என்று தெரிகிறதே, புல் என்று நினைத்து சூப்பர் என்று கமெண்ட் போட்டுவிடாதீர்கள். அத்தனையும் கோரை. டிராக்டரில் மாட்டி மண்ணைக் கொத்திப் புரட்டும் ரொட்டவேட்டரை விட்டு, மாடு மேய்கிற அறுபது சென்ட்டையும் சுத்தம் செய்துவிட்டேன் என்று ஐப்பசியில் ஒரு வீடியோ போட்டுத் துள்ளினேன் இல்லையா, அதே இடம்தான்.

மணிக்கு 1,200 ரூபாய், ஒன்றரை மணி நேரம், 1,800. வண்டிக்காரர் டீ குடித்த பத்து நிமிடமும் அதில் சேர்த்தி. டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு 200 ரூபாய் ஆகிறது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.

இதோ ஒரு செடியைப் பிடுங்குகிறேன். தண்டை விரலில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டையாக இருக்கும். பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் இது புல் சாதியே இல்லை. மாடும் வேறு வழியில்லாமல்தான் வாய் வைக்கும், நம் லட்சுமி அதுவும் இல்லை, முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காக மணி கோர்த்த மாதிரி போகும். நுனிக்கிழங்கு முளைத்து நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ரொட்டவேட்டர் கத்தி அந்தச் சரத்தைத் துண்டு துண்டாக்கியதும் ஒவ்வொன்றும் தனியாக முளைத்துத் தனிக்குடித்தனம் வந்துவிட்டது.

அட, முக்கியமானதைச் சொல்லவில்லையே. ஓட்டிய மறுநாளே மழை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஐப்பசியில் மழை பெய்யாமல் பின்னே எப்போது பெய்யும்? சித்திரையில் ஐந்து கொத்துக் கலப்பையால் புரட்டி, கிழங்கை வெயிலில் சுக்காகக் காயவிட வேண்டும் என்று பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா அப்போதே சொன்னார். அதையும் வீடியோவில் வெட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் சித்தப்பா.

இன்றைக்கு மண்வெட்டியை வைத்துவிட்டு, சின்னக் கடப்பாரையால் ஒரு மணி நேரம் ஈர மண்ணை நெம்பி, ஒரு சரத்தை அறுபடாமல் எடுத்தேன். பதினொரு கிழங்கு! கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள், பதினொன்று. இந்த வேகத்தில் போனால் நிலம் முடிவதற்குள் என் பேரன் வந்துவிடுவான், அது வேறு விஷயம். அம்மா கேட்கிறார், நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, நீ ஏனடா குழியில் கொட்டுகிறாய் என்று.

களைக்கொல்லி அடிக்கச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். மாடு மேயும் இடம், எனக்குப் பிடிக்காது. கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் வரப்போரம் பத்து சென்ட்டில் கம்பு நேப்பியர் என்கிற உயரமான தீவனப்புல்லின் கரணையை, அதாவது தண்டுத் துண்டை, நெருக்கமாக ஊன்றியிருக்கிறேன், கரணை ஒரு ரூபாய். மீதி நிலத்தைச் சித்திரையில் புரட்டிக் காயவிட்டு, அடுத்த மழைக்குக் கொழுக்கட்டைப்புல் விதைக்கப் போகிறேன். அதை ஆஸ்திரேலியாவில் களை என்று திட்டுகிறார்களாம், நம் ஊரில் மேய்ச்சலுக்கென்றே விதைக்கச் சொல்கிறார்கள்.

ஏய் லட்சுமி, கரணையை விடு! நேற்றுதான் நட்டேன்... இருங்கள், வருகிறேன்.