எத்தனை விற்றது, எவ்வளவு மிஞ்சியது

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் கன்சோல், அதாவது டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி, என்று பேச்செடுத்தாலே, எது அதிகம் விற்றது என்ற கேள்விதான் முதலில் வரும். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நின்டெண்டோவா? விளையாடுகிற பிள்ளைகள் விற்பனை எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். உற்பத்திச் செலவைக் கணக்குப் பார்ப்பது என் தொழில். எனக்கு அது பாதிக் கணக்காகவே படுகிறது. ஒரு பெட்டி அடக்க விலைக்கு மேலே போனதா, கீழே போனதா என்று தெரியாமல், எத்தனை பெட்டி போனது என்பதை மட்டும் வைத்து யார் ஜெயித்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

2001 நவம்பரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடைகளுக்கு மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு புதிய கன்சோல்கள் வந்தன. 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், விலை 299 டாலர். 18-ஆம் தேதி நின்டெண்டோவின் கேம்கியூப், விலை 199 டாலர். சோனியின் பிளேஸ்டேஷன் 2 அதற்கு ஒரு வருடம் முன்பே வந்து நன்றாகக் கால் ஊன்றியிருந்தது. அது கடைசியில் 15 கோடியே 50 லட்சத்தைத் தாண்டி விற்றது. மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் சுமார் 2 கோடியே 40 லட்சம், கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம்.

எண்ணிக்கைப்படி பார்த்தால் கேம்கியூப்புக்குக் கடைசி இடம். அதைத் தோல்வி என்று எழுதாத பத்திரிகை குறைவு. ஆனால் அந்த வருடங்களில் நின்டெண்டோ ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட நஷ்டம் காட்டவில்லை. 2003-இல் ஒரு அரையாண்டு மட்டும் சறுக்கியது, அந்த நிதியாண்டு முடிந்தபோது அதுவும் லாபத்தில்தான் நின்றது. கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸ் அப்போது நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அத்தனை புகழையும் கேம்கியூப்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் கேம்கியூப் வீட்டுப் பணத்தைக் கரைக்கவில்லை.

இரண்டாம் இடம் பிடித்த எக்ஸ்பாக்ஸோ, மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் நஷ்டம் வைத்ததாக மதிப்பிடப்பட்டது. விளம்பரம், ஆராய்ச்சி, கேம் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். விற்ற பெட்டிகளால் வகுத்துப் பாருங்கள், பெட்டி ஒன்றுக்கு 160 டாலருக்கு மேல் வருகிறது. 299 டாலருக்கு அறிமுகமாகி, ஆறே மாதத்தில் 199 டாலருக்கு இறங்கிய பொருளில் அவ்வளவு நஷ்டம். விற்க விற்கக் கையைக் கடித்த வியாபாரம் அது.

ஏன் கடித்தது? என் தொழில்காரர்கள் ஆர்வமாகப் பார்க்கிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். எக்ஸ்பாக்ஸுக்குள் 8 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. சிப் என்பது காலம் போகப் போகச் சிறிதாகும், விலை இறங்கும். ஹார்டு டிஸ்க் அப்படி இல்லை. அதற்குள் மோட்டார் சுழல வேண்டும், தட்டு வேண்டும், படிக்கும் முனை வேண்டும், எல்லாவற்றையும் மூடிக்காக்கும் உலோகப் பெட்டி வேண்டும். வருடா வருடம் கொள்ளளவு கூடுமே தவிர, விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. பின்னாளில் வந்த எக்ஸ்பாக்ஸ்கள் பலவற்றில் 10 ஜிகாபைட் டிஸ்க்கே இருந்தது. அதிலும் 8 ஜிகாபைட்டைத்தான் கன்சோல் பயன்படுத்தியது. மிச்ச இடம் யாருக்கும் உதவாமல் கிடந்தது, டிஸ்க்குக்கான காசு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு காரணம் சிப்புகள். இன்டெலின் பென்டியம் 3, என்விடியாவின் கிராஃபிக்ஸ் சிப் இரண்டையும் மைக்ரோசாஃப்ட் வெளியிலிருந்து வாங்கியது, வடிவமைப்பு அதன் கையில் இல்லை. சிப் விலையைப் பற்றி என்விடியாவோடு தகராறு முற்றி 2002-இல் நடுவர் மன்றம் வரை போய், அடுத்த வருடம்தான் சமரசமானது. இந்தப் பக்கம் சோனி, பிளேஸ்டேஷன் 2-இன் இரண்டு முக்கிய சிப்புகளையும் பிறகு ஒரே சிப்பாக்கிவிட்டது. பெட்டியையும் ஒல்லியாக்கி 2004-இல் புது வடிவத்தில் விட்டது. விலையைக் குறைத்த பிறகும் அதில் காசு நின்றது.

இதன் விளைவு வாங்கியவர்கள் வீடு வரை வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு ஆயுள் நான்கே வருடம். 2005-இல் அடுத்த கன்சோலைக் கொண்டுவந்ததும் பழையதைச் சீக்கிரமே ஓரங்கட்டினார்கள். அதிகம் விற்றால் அதிகம் நஷ்டம் என்ற நிலையில் உள்ள பொருளை எந்த நிறுவனம்தான் நீட்டித்துக்கொண்டே போகும்? பிளேஸ்டேஷன் 2-இன் தயாரிப்போ பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நடந்து, 2013 தொடக்கத்தில்தான் நின்றது. 2009-இல் அமெரிக்காவில் அதன் விலை 99 டாலர் வரை இறங்கியது. முதலில் வாங்க முடியாத எத்தனையோ வீடுகளுக்குள் அது பிற்பாடு போய்ச் சேர்ந்தது. லாபம் என்று சொன்னாலே முதலாளியின் பேராசை என்று நினைக்கிறோம். இந்த விஷயத்தில், பெட்டியில் லாபம் இருந்ததால்தான் ஏழைப் பிள்ளைக்கும் ஒரு கன்சோல் கிடைத்தது.

சரி, பெட்டியை நஷ்டத்துக்கு விற்பது எதற்காக? பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வழிதான். மற்ற நிறுவனங்கள் அந்தக் கன்சோலுக்காகத் தயாரித்து விற்கும் ஒவ்வொரு கேமிலும் கன்சோல்காரருக்கு ஒரு உரிமத் தொகை உண்டு. கேம்கள் டிஸ்க்கில் வந்த காலத்தில் பொதுவாக அது பத்து டாலருக்குள் இருந்தது. சொந்தமாகத் தயாரித்த கேம் என்றால் இன்னும் கூடுதலாக நிற்கும். பெட்டியில் போனதை கேமில் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் எவ்வளவு போகிறது, எத்தனை கேமில் எடுப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 3-இல் அந்தக் கணக்கு எகிறிவிட்டது. 2006 நவம்பரில் 20 ஜிகாபைட் மாடலை 499 டாலருக்கு விற்றார்கள். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அந்தப் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக விலை போட்டுப் பார்த்தது. தயாரிப்புச் செலவு 805 டாலருக்கு மேல் வந்தது, அதுவும் கன்ட்ரோலர், கேபிள், பேக்கிங் சேர்க்காமல். ப்ளூ-ரே என்ற புது வகை டிஸ்க்கைப் படிக்கும் டிரைவும் செல் என்ற புது வகைச் சிப்பும் செலவை ஏற்றிவிட்டன. ஒரு பெட்டியில் 300 டாலர் போகிறது, ஒரு கேமில் பத்து டாலர் வருகிறது என்றால், போட்டதை எடுக்கவே ஒரு வீட்டுக்காரர் முப்பது கேம் வாங்க வேண்டும். அத்தனை வாங்குகிற வீடு எத்தனை இருக்கும்? 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 23,230 கோடி யென் நஷ்டம் காட்டியது. அடுத்த ஆண்டு இன்னும் 12,450 கோடி யென். பிளேஸ்டேஷனின் தந்தை என்று பெயர் வாங்கிய கென் குட்டராகி 2007-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்தக் கன்சோலில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளவும் ஒரு வசதி இருந்தது. அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3-களை ஒன்றாக இணைத்து, 2010-இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே செய்துவிட்டது. விற்பனைப் பட்டியலில் 1,760 என்று ஏறும், கேம் வழியாக ஒரு காசு வராது. கேமில் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்ட கணக்கில், கேமே வாங்காத வாடிக்கையாளருக்கு இடமே இல்லை. அதே 2010 ஏப்ரலில் சோனி, பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி, லினக்ஸ் வசதியை எடுத்துவிட்டது.

அதே 2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ வந்தது, விலை 250 டாலர். உள்ளே இருந்தது கேம்கியூப் வழியில் வந்த பழகிய தொழில்நுட்பம். ஹெச்.டி. படம் கிடையாது. கையை வீசி விளையாடும் கன்ட்ரோலர்தான் புதுமை. முதல் நாளிலிருந்தே பெட்டியில் லாபம். அது 10 கோடிக்கு மேல் விற்றது, எண்ணிக்கையிலும் ஜெயித்தது. 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நின்டெண்டோவின் இயக்க லாபம் 55,530 கோடி யென். ஆனால் வீ ஒரு கோடிதான் விற்றிருந்தாலும் நின்டெண்டோ பிழைத்திருக்கும். நான் வீயை மெச்சுவது அதனால்தான்.

எக்ஸ்பாக்ஸ் 360 வேறு ஒரு பாடம். முதல் எக்ஸ்பாக்ஸில் பட்ட அடியால், இதில் ஹார்டு டிஸ்க் இல்லாத மாடலும் விட்டார்கள், சிப் வடிவமைப்பையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தப்புகளைத் திருத்தியாயிற்று. அப்புறம் சிப்புக்குள் இருந்த இணைப்புகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விட்டுப்போக, பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. பழுதுள்ள பொருளை எவ்வளவு அதிகம் விற்றோமோ, அவ்வளவு பெட்டி திரும்பி வரும்.

எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் பாதித்தது சேகா என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தின் கதை. 1999 செப்டம்பர் 9, அமெரிக்காவில் அதன் டிரீம்காஸ்ட் கன்சோல் வெளியானது. ஒரே நாளில் கிட்டத்தட்ட பத்து கோடி டாலருக்கு விற்பனை. அப்படி ஒரு தொடக்கத்தை அந்தத் தொழில் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் சேகாவுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்டைப் போல விண்டோஸும் கிடையாது, சோனியைப் போல டிவி வியாபாரமும் கிடையாது. பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்ற பேச்சே வாங்குபவர்களைத் தயங்க வைத்தது. 199 டாலர் 149 ஆனது. அந்த விலைக் குறைப்பு பெட்டிகளை நகர்த்தியது, கூடவே நிறுவனத்தின் கையிருப்பையும் குறைத்தது. 2001 ஜனவரி 31 அன்று, கன்சோல் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம். சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா அப்போது நோயாளியாக இருந்தார். தன் சொந்தப் பங்குகளில் சுமார் 8,500 கோடி யென் மதிப்புள்ளதைக் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த மார்ச்சில் இறந்துபோனார். நஷ்டத்துக்கு விற்று எண்ணிக்கையைப் பிடிப்பது, எவ்வளவு போனாலும் தாங்குகிற கை உள்ளவர்கள் ஆடும் ஆட்டம். அந்தக் கை இல்லாத சேகா, முதலுக்கே மோசமான பிறகு ஒருவருடைய சொந்தச் சொத்தில் எழுந்து நின்றது. அந்த வருடம் முடிவதற்குள் சேகாவின் புகழ்பெற்ற கேம் நாயகன் சோனிக், நேற்றுவரை போட்டியாளராக இருந்த நின்டெண்டோவின் கேம்கியூப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேம் தயாரிப்பவர்கள் வீடுகளில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்த்துத்தான் வருவார்கள். பெட்டி குறைந்தால் கேம் குறையும், கேம் குறைந்தால் பெட்டி இன்னும் குறையும். நின்டெண்டோவுக்கே 2011-இல் இந்த நெருக்கடி வந்தது. ஜப்பானில் பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ் கையடக்கக் கருவி போகவில்லை. ஆகஸ்டில் ஒரேயடியாக 15,000 யென்னுக்கு இறக்கினார்கள், நஷ்டம் என்று தெரிந்தே. தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 4,320 கோடி யென் நிகர நஷ்டம். ஆனால் அந்தக் கருவி பிழைத்தது, 7 கோடியே 59 லட்சம் வரை விற்றது. எதற்காக, எவ்வளவு நாளைக்கு இந்த நஷ்டம் என்ற தெளிவோடு எடுத்த முடிவு என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்பாக்ஸிலும் மைக்ரோசாஃப்ட் அந்த 400 கோடியைக் கொடுத்து இந்தத் தொழிலுக்குள் ஒரு இடம் வாங்கியது என்று வாதிடலாம். வாங்கவும் செய்தது. ஆனால் 2021-இல் எபிக் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். இருபது வருடம் ஆகியும்!

விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே மைக்ரோசாஃப்ட் 2015-இல் நிறுத்திவிட்டது. மாதம் எத்தனை பேர் தன் ஆன்லைன் விளையாட்டுச் சேவைக்குள் வருகிறார்கள் என்பதைத்தான் சொல்ல ஆரம்பித்தது. சோனி 2021 ஆகஸ்டில், 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நஷ்டத்தில் விற்கவில்லை என்று அறிவித்தது. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செலவுக் கணக்கு பார்க்கிறவனாக எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று நெருடுகிறது. முன்பெல்லாம் சிப் சிறுத்தால் செலவு இறங்கும், கன்சோல் விலையும் கூடவே இறங்கும். இப்போது சிப் சிறுப்பதால் அவ்வளவு மிச்சமாவதில்லை. அமெரிக்காவில் இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. 2020-இல் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5 அங்கே 2025 ஆகஸ்டில் 549 ஆனது. 499-க்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே வருடம் 599 ஆகி, அக்டோபரில் 649-ஐத் தொட்டது. லாபத்தைக் காக்க விலையை ஏற்றுவதைக் கணக்காக என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இந்த நிறுவனங்களின் அடுத்த வாடிக்கையாளர்கள், கொஞ்ச வருடம் பொறுத்தால் விலை இறங்கும், அப்போது பிள்ளைக்கு வாங்கித் தரலாம் என்று காத்திருக்கிற வீடுகளில்தான் இருந்தார்கள். அந்த வீடுகளுக்கு இந்த முறை எந்தக் கம்பெனியும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நன்றி. வணக்கம்.