பொம்மை உடைந்து போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

நவராத்திரி நெருங்கினால் மதுரை விளாச்சேரியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் கொலு பொம்மைகள் பெட்டி பெட்டியாக வெளியூர் கிளம்பிவிடும். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு, வீட்டிலிருந்தபடியே விற்று, கூரியரில் அனுப்புகிற பெண்கள் இப்போது நிறையப் பேர். நானும் மண்பொம்மை விற்கிறவள்தான். எங்களுக்குள் ஒவ்வொரு சீசனிலும் வருகிற கேள்வி இது: பொம்மை உடைந்து போய்ச் சேர்ந்தால் யார் பணம் கொடுப்பது?

"கூரியரில் போட்டதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது" என்று பில்லிலேயே அச்சடித்து வைப்பவர்கள் உண்டு. சட்டம் அவ்வளவு லேசாக விட்டுவிடவில்லை. 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவைப் பாருங்கள். சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் கொடுத்தாலே வாங்கியவரிடம் கொடுத்த மாதிரிதான் என்று அது முதலில் சொல்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு நிபந்தனை வருகிறது. சரக்கு எப்படிப்பட்டதோ அதற்குத் தகுந்த ஏற்பாட்டை ஏற்றிச் செல்பவரோடு விற்பவர் செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டு, வழியில் சேதமானால், வாங்கியவர் விற்றவரையே கேட்கலாம். மண்பொம்மையை மதிப்புக்கூடக் குறிப்பிடாமல், இருப்பதிலேயே மலிவான கட்டணத்தில் அனுப்பிவிட்டு "நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்" என்று வாதாடுவது கஷ்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் வாங்கியவரின் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள் என்பேன். வேறு பொம்மை அனுப்புங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூரியர்காரரோடு ஒப்பந்தம் போட்டது நீங்கள். கட்டணம் கட்டியதும் நீங்கள். "கூரியர் ஆபீஸில் போய்க் கேளுங்க" என்று வாங்கியவரை அலைய விடுவது நியாயமே இல்லை. அவர் சொல்வதைச் சந்தேகத்தோடு கேட்க ஆரம்பிப்பதும் தவறு. பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால்தான் பேசுவோம் என்று சிலர் கறாராக இருக்கிறார்கள். வீடியோ இருந்தால் நல்லதுதான். ஆனால் கொலு வைக்கும் அவசரத்தில் பெட்டி பிரிக்கிற ஒரு பாட்டியிடம் அதை நிபந்தனையாக வைக்கலாமா?

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. பார்சல் கிளம்பும் அன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "பெட்டி நசுங்கி வந்தால் பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்க. டெலிவரிக்காரர் தாளில் கையெழுத்துக் கேட்டால், பெட்டி நசுங்கியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உடைந்திருந்தால் பெட்டியையும் உள்ளே வைத்த வைக்கோலையும் தூக்கிப் போட்டுவிடாதீங்க." பேக்கிங் சரியில்லை என்பதுதான் கிளைமைத் தள்ளுபடி செய்யக் கூரியர்காரர்கள் முதலில் சொல்கிற காரணம். பெட்டியே இல்லையென்றால் அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

பேக்கிங்கில் சிக்கனம் ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடைக்கு மட்டும் கூரியரில் கட்டணம் போடுவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 45-க்கு 30-க்கு 30 பெட்டி என்றால் 8 கிலோவுக்கு மேல் வரும். உள்ளே இருக்கிற பொம்மை 2 கிலோதான் இருக்கும். அதையே 35-க்கு 25-க்கு 25 பெட்டியில் திணித்தால் நாலரை கிலோவுக்குள் அடங்கிவிடும். கட்டணம் பாதியாகும், ஆனால் பொம்மையின் மூக்கு அட்டையை ஒட்டி நிற்கும். பொம்மைக்கும் அட்டைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது விடுங்கள். அஞ்சு பிளை (ஐந்து அடுக்கு) அட்டை போடுங்கள். முடிந்தால் பெட்டிக்குள் பெட்டி வையுங்கள். கட்டணம் கூடுவதை விலையில் சேருங்கள். 'கவனம், உடையும்' ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். பார்சல் பிரிக்கும் இடத்தில் அதை நின்று படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சரி, கூரியர்காரரிடம் எவ்வளவு கேட்கலாம்? 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு இதில் முக்கியமானது. ஜெர்மனிக்குக் கோடைக்கால உடைகள் அனுப்பிய கம்பெனி அது. அதற்கான ஆவணங்களை டிஎச்எல் கூரியரில் அனுப்பினார்கள், அவை போய்ச் சேரவில்லை. ஆவணங்கள் இல்லாமல் தாமதமாகி, சரக்கு வாங்கியவர் கைக்குக் கிடைப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். மாநில நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமோ 100 டாலர் போதும் என்றது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணம், ரசீதில் அந்த வரம்பு அச்சாகியிருந்தது, அனுப்பியவர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்த ரசீதின் பின்பக்கத்தை அனுப்புவதற்கு முன்பே படியுங்கள். கண்ணாடி, மண், பீங்கான் பொருள்களுக்குச் சேத இழப்பீடே கிடையாது என்று பல நிறுவனங்கள் அதில் எழுதியிருக்கும். அப்படியானால் 'கேரியர் ரிஸ்க்', அதாவது வழியில் சேதமானால் கூரியர்காரரே பொறுப்பேற்கிற ஏற்பாடு உண்டா, தனியாக இன்ஷூரன்ஸ் போடலாமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். உண்மையான மதிப்பைப் பில்லோடு எழுதுங்கள். கட்டணம் குறையட்டும் என்று 2000 ரூபாய்ப் பொம்மைக்கு 200 என்று எழுதினால், கிளைமும் 200 ரூபாய்க்குத்தான். லாரி பார்சலில் அனுப்பினால் 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வரும். கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்கான தொகை கட்டவில்லையென்றால், அதன் விதிகள்படி அந்தப் பார்சலுக்கான வாடகையைப் போல் பத்து மடங்குதான் இழப்பீட்டு வரம்பு. வழக்குப் போடுவதற்கு முன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கூரியர்காரர்கள் தாங்களாகப் போடுகிற கெடு இன்னும் குறுகியது. போன் பேசி ஆறுதலடையாமல், படம் வந்த அன்றே மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது, அதைப் புகாரிலேயே எழுதுங்கள். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, பில், பேக்கிங் செய்தபோது எடுத்த படம், உடைந்து வந்த படம், மின்னஞ்சல் நகல் எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள்.

நன்றி. வணக்கம்.