கேலிப்பர் நகர்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பதைப் பழைய ஓட்டுநர்கள் சொல்லிச் சொல்லி, நீலகிரியில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடமாகியிருக்கிறது. ஆயினும், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மலையேறி வரும் கேரவன் வண்டிகளில், காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் டிஸ்க் பிரேக் பொருத்தியவற்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பத்து டன் எடையுள்ள வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலை மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 52 யூனிட் ஆகும். 500 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். எஞ்சினும் டயரும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகச் சேர்கிறது.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது; அதன் இரு பக்கங்களிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேட்கள் இருக்கின்றன. பேடைத் தள்ளும் காற்றுச் சேம்பர் உட்புறத்தில் மட்டுமே உள்ளது. அது உட்புறப் பேடைத் தட்டின் மீது தள்ளும்போது, அதன் எதிர்விசையால் தட்டை இருபுறமும் கவ்வியிருக்கும் கூடான கேலிப்பர் முழுவதும் கைடு பின்கள் என்னும் இரண்டு கம்பிகள் மீது வழுக்கி நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் இழுத்து வந்து தட்டோடு சேர்க்கிறது. பாத்திரம் இறக்கும் இடுக்கியைப் போல, இரு பக்கமும் சேர்ந்து பிடித்தால்தான் பிடி. அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. வேலை முழுவதும் உட்புறப் பேடின் தலையில் விழும். வண்டி அப்போதும் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் பழுது வெளியே தெரிவதில்லை.

பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க வண்டியை நிறுத்தாதவர்கள் உண்டா? நானும் ஒருமுறை அப்படி நின்றபோது, கருகிய நெடியோடு ஒரு கேரவன் வந்து நின்றது. முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "தம்பி, ஊற்றாதீர்கள், தட்டு விரிசல் விட்டுவிடும்" என்று தடுத்தேன். குழந்தைகள் பழத்தைத் தின்று, தோல்களை வரிசையாக அடுக்கி விளையாடி, அதிலும் அலுத்துப்போகும் வரை காத்திருந்தோம். சூடு தணிந்த பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், உட்புறப் பேட் அதன் முதுகிலுள்ள இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. வெளிப்புறப் பேடோ ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. கைடு பின்னை மூடும் ரப்பர் பூட் ஊதிப் பருத்து, விரல்நுனி நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல் நிறச் சேறு. சில மாதங்களுக்கு முன்பு வேறொரு பணிமனையில் "நன்றாகக் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள்" என்றார் அந்த ஓட்டுநர்.

என் ஆதங்கமே இந்தக் கிரீஸ்தான்! டிரம் பிரேக்கில் பழகியவர்கள் கிரீஸ் கன்னோடு வந்து, கிரீஸ் செலுத்தும் வாயான நிப்பிளைத் தேடுகிறார்கள். டிஸ்க் பிரேக்கின் கைடு பின்களுக்குப் பொதுவாக நிப்பிளே கிடையாது. தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். பழுது பார்க்கும்போது, ரப்பர் பூட்டும், பின்னைச் சுற்றி அமரும் புஷ்ஷும் சேர்ந்து வரும் கிட்டில் உள்ள கிரீஸை, அதில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே வைக்க வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அளவுக்கு மீறி அடைத்தாலும் பின் உள்ளே போக இடமில்லாமல் தடுக்கும். பேட் உட்காரும் இடத்தைக் கம்பிப் பிரஷால் துருப் போகத் தேய்த்தால் போதும். அங்கே கிரீஸ் தேவையில்லை. தட்டிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, சொல்லியும் வைக்கிறேன்.

கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகின்ற இந்த மாவட்டத்தில், அடுத்த விடுமுறை வரை என்று ஓரமாக நிறுத்திய கேரவன், ஓடுகிற பேருந்தைவிட விரைவில் இறுகிப்போகிறது. நாள்தோறும் நகரும் பின்னில் துரு எளிதில் பிடிப்பதில்லை. ஆகையால், நிறுத்தி வைத்திருந்தாலும் அவ்வப்போது வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைச் சில முறை மிதித்து எடுங்கள்.

சோதிப்பது எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பிரேக் ஆறியிருக்கும்போது கேலிப்பரைக் கையால் உள்ளும் வெளியுமாக அழுத்திப் பாருங்கள். பல தயாரிப்புகளில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை அசைய வேண்டும். கடப்பாரையும் சுத்தியலும் வேண்டாம், கையே போதும். அசையவில்லை என்றால் பேட்களை எடுத்துவிட்டு மறுபடியும் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது பின்களின் முழு நீளத்துக்கும் அது தடையின்றி ஓட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: பேட் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்; உட்புறமும் வெளிப்புறமும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலவற்றில் பேடின் தகட்டுக்கு மேல் மிஞ்சும் 2 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. மலையிறங்குகிறவர்கள் அதுவரை காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

நேரம் முடிந்தது என்று நிலையக் கண்ணாடிக்கு அப்பால் கையை உயர்த்துகிறார்கள். பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்; தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரஸரைக் காட்டுங்கள்; காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜைக் கையேட்டில் குறித்த காலத்தில் மாற்றுங்கள். வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரை ரப்பர் பூட்டுகளின் மீது நேராக அடிக்க வேண்டாம். வணக்கம்.