தட்டு அவருடையது, அடுப்பு யாருடையது?

(‘வீட்டில் ஒருவர் சைவத்துக்கு மாறுவது அவருடைய சொந்த முடிவா, குடும்பத்தின் முடிவா?’ என்ற தலைப்பில் திருமங்கலத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘குடும்பத்தின் முடிவே’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் ஓரமாக நின்று கேட்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான். நாக்கு என்னுடையது, வயிறு என்னுடையது, நான் கறியை விட்டால் அடுத்தவருக்கு என்ன? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படிக் கேட்ட தம்பியிடம் நான் ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்கிறேன். இன்று காலையில் நீங்கள் சாப்பிட்டதை ஆக்கியது யார்?

அவரை மடக்குவதற்காக இதைக் கேட்கவில்லை. எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சைவத்துக்கு மாறுவதை நாங்கள் யாரும் எதிர்க்கவில்லை. உயிர்கள் மேல் இரங்கி மாறினாலும் சரி, டாக்டர் சொல்லி மாறினாலும் சரி, அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் மனதில் எடுத்த முடிவு தட்டுக்கு வந்து சேர நடுவில் ஓர் அடுப்படி இருக்கிறது. அங்கே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவரைக் கேட்காமல் எடுத்த முடிவைச் சொந்த முடிவு என்று எப்படிச் சொல்வது?

ஒன்றிய அரசு 2019ஆம் ஆண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நம் மக்கள் ஒரு நாளின் நேரத்தை எதில் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்பவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்கிற பெண்ணுக்கு ஒரு நாளில் அதற்கே 299 நிமிடம் போகிறது. செய்கிற ஆணுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரம் ஏற்கெனவே வீட்டு வேலையில் நிற்கிற ஒருவரிடம், இன்று முதல் எனக்குத் தனிக் குழம்பு என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

செல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. காலேஜ் படிக்கிற பையன் திடீரென்று வீகன் ஆகிவிட்டான். கறி, மீன், முட்டை மட்டும் இல்லை. பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. நல்ல பிள்ளை, உறுதியான பிள்ளை. ஆனால் அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அப்பாவுக்கும் தங்கைக்கும் கறிக்குழம்பு. அவனுக்கு மொச்சைக் குழம்பு. மீன் பொரித்த சட்டி ஆகாது, அவனுக்குத் தனிச் சட்டி. அதே கரண்டியை விடக்கூடாது. கூட்டுக்கு நெய் ஊற்றித் தாளிக்கும் முன்பே அவன் பங்கை எடுத்து வைக்க வேண்டும். அப்பத்தாவுக்குப் பல் இல்லை, அவருக்குக் குழைந்த சோறு. எல்லாம் முடிந்து அந்த அம்மா உட்காரும்போது மணி மூன்று. இரண்டு குழம்பிலும் மிச்சம் இருப்பதைக் கலந்து ஊற்றிக்கொள்கிறார். கேட்டால், “என்னக்கா செய்ய, பிள்ளை ஆசைப்பட்டுட்டான்” என்கிறார். அந்தப் பையன் மாறியதாக ஊர் சொல்கிறது. உடம்பை வளைத்து மாறியது அந்த அம்மா.

இதே முடிவை அந்த வீட்டுக்கு வருகிற மருமகள் எடுத்தால் என்ன நடக்கும்? “ஒனக்கு வேணாம்னா போகுது, எம் பிள்ளைக்கு யாரு கறி ஆக்குறது?” என்றுதான் முதல் கேள்வி வரும். கறியை வாயில் வைக்காத பெண் நம் ஊரில் எத்தனை வீட்டில் ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டிக்கொண்டிருக்கிறார் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். சைவ வீட்டில் பிறந்து அசைவ வீட்டுக்குப் போனாலும், அசைவ வீட்டில் பிறந்து சைவ வீட்டுக்குப் போனாலும், மாறுவது அவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை. எதிரணி சொல்கிற தனிமனித உரிமை, சமைத்துப் போட ஆள் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற உரிமை. குடும்பமாக உட்கார்ந்து முடிவு எடுத்தால்தான் அந்த மருமகளும் வாய் திறக்க முடியும்.

எதிரணித் தலைவர் காந்தியடிகளைக் கொண்டுவந்தார். இதே மதுரையில், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, அவர் அரையாடைக்கு மாறினாரே, யாரைக் கேட்டு மாறினார் என்றார். அய்யா, வேட்டியைச் சுற்றிக்கொள்ள அவர் கை போதும். சாப்பாட்டு விஷயத்தில் என்ன நடந்தது என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவுக்கு உடம்பு சரியில்லை. உப்பையும் பருப்பையும் விட்டுப் பார் என்கிறார். உங்களை யாராவது விடச் சொன்னால் நீங்கள்கூட விடமாட்டீர்கள் என்கிறார் கஸ்தூரிபா. நீ விட்டாலும் விடாவிட்டாலும், நான் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டேன் என்று காந்தி அந்த இடத்திலேயே சபதம் எடுக்கிறார். அம்மையார் பதறிப்போகிறார். நானே விட்டுவிடுகிறேன், நீங்கள் சபதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கெஞ்சுகிறார், அழுகிறார். ஒருவர் தட்டில் கை வைத்தால் இன்னொருவர் கண்ணில் நீர் வருகிறது. காந்தியின் வீட்டிலேயே சாப்பாடு தனி ஆள் விவகாரமாக இருக்கவில்லை.

இரண்டாவதாகப் பேசிய தம்பி திருக்குறளைச் சொன்னார். ‘புலால் மறுத்தல்’, 26ஆம் அதிகாரம். உண்மை. அதை வள்ளுவர் எங்கே வைத்தார்? துறவறவியலில் வைத்தார். துறவிக்குச் சமைக்க வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அவர் தனியாக முடிவு செய்யலாம். நம்மைச் சுற்றியுள்ள சமணமலை, ஆனைமலை, மாங்குளம் குகைகளையும் அவர் சொன்னார். அங்கே தங்கிய சமணத் துறவிகளும் ஊரார் தந்த உணவைத்தான் உண்டார்கள். மாங்குளத்தில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய கல்வெட்டே இருக்கிறது, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரோடு. ஊனை விட்டவர்களுக்கும் பக்கத்தில் ஓர் ஊர் தேவைப்பட்டிருக்கிறது.

கூடி மாறுவது நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். வருஷா வருஷம் நடக்கிறதே! 2014இல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்த வீடுகளில்தான் புரட்டாசி பிறந்தால் மாதம் முழுக்கக் கறி கிடையாது. முதல் நாளே பாத்திரம் பண்டம் எல்லாம் விளக்கிக் கவிழ்த்தாகிவிடும். யாராவது முகம் சுளிக்கிறார்களா? கார்த்திகையில் ஒருவர் மாலை போடுகிறார். 41 நாளும் வீடே அவரோடு விரதம் இருக்கிறது. தவக்காலத்தில் 40 நாள் கறியை விடுகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. இதெல்லாம் ஏன் நடக்கிறது? யார் எதை விடுகிறார், என்றைக்கு முடிகிறது, அன்றைக்கு என்ன சமையல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரே குழம்பு. சைவத்துக்கு மாற நினைக்கிறவர்கள் இந்தப் பழக்கத்திலிருந்து தொடங்கலாம். முதலில் வாரத்தில் இரண்டு நாள், வீட்டுக்கே ஒரே சமையல். கீரைக் கடைசல், தட்டப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கேப்பைக் களி. இவை நெய்யும் தயிரும் இல்லாமல் நம் வீடுகளில் எப்போதும் ஆகிறவைதானே. பாலுக்கு என்ன செய்வது என்று கேட்டார் எதிரணித் தம்பி. மதுரைக்காரர்களிடமா கேட்பது? பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, சாயங்காலத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிற ஊர் இது.

உடம்பு விஷயத்தை எதிரணி தொடவே இல்லை. எனக்கு அதில்தான் கவலை அதிகம். பெண் பிள்ளை கறியை விட்டுவிட்டாள் என்று வையுங்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்ன சாப்பிடுவாள்? எல்லோருக்கும் வைத்ததில் கறியைத் தள்ளிவிட்டுச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். இது சைவம் இல்லை, அரைப்பட்டினி. கறி போன இடத்துக்குப் பருப்பும் பயறும் வர வேண்டும். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து கறியில் இருப்பதுபோல் சுலபமாக உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. பி12 வைட்டமினைச் செடி கொடிகளை நம்பிப் பெற முடியாது. பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலிருந்து ஓரளவு கிடைக்கும். அதையும் விட்டவர்கள் மாத்திரையாகவோ, அந்தச் சத்தைச் சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. சில ஆண்டு கழித்துச் சோர்வாக, கை கால் மரமரப்பாக, ரத்தசோகையாக வந்து நிற்கும். கர்ப்பிணி, வளர்கிற குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர் இருக்கிற வீடு என்றால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். இத்தனையும் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியாமல் நடக்குமா?

அடுப்படியில் நிற்பவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் இந்த மேடையில் கேட்கத்தான் வேண்டும். நம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் கரும்பாறை முத்தையா கோயில் இருக்கிறது. மார்கழியில் கிடா வெட்டி, ஆண்களே சமைத்து, ஆண்களே பந்தி போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குக் கறி ஆக்குகிற கைகள் அவை. அந்தக் கைகளுக்கு வீட்டில் நாலு பேருக்குக் கூட்டு வைப்பது கஷ்டமா? குடும்ப முடிவு என்று நாங்கள் சொல்வதில் இதுவும் அடக்கம். மாறுகிறவர் முதலில் அரிவாள்மனையை எடுக்கட்டும், பயறை ஊறப் போடட்டும்.

குடும்ப முடிவு என்றால் அப்பா போடுகிற உத்தரவுதானே என்று ஒரு குரல் வந்தது. உத்தரவால் தட்டு மாறாது. 2003ஆம் ஆண்டு கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்ற பழைய சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்க வேண்டி வந்தது. அரசாங்கத்தால் முடியாதது அப்பாவால் முடியுமா?

இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியாது. நம் ஊரில் சாப்பாட்டை வைத்து மனிதரை உயர்வு தாழ்வு பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வாடகைக்குப் பலகை தொங்குகிறது. அந்தப் பார்வை வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது. இருபது வருஷம் மீன் குழம்பு ஊற்றி வளர்த்த அம்மாவின் சட்டியைப் பார்த்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினால், அந்த இரக்கம் ஆட்டுக்கும் கோழிக்கும் மட்டும்தான் என்று ஆகிவிடும். பேசி மாறுகிற வீட்டில் இந்தக் காயம் விழாது. உனக்கு வேண்டாம், எனக்கு வேண்டும், இருவரும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லிக்கொள்வார்கள்.

கடைசியாக, குடும்பம் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்று கேட்டார்கள். அனுமதி வாங்கச் சொல்லவில்லை நாங்கள். ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்கிறோம். குலசாமிக்குக் கிடா வெட்டுகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருக்கிறார்கள். முன்கூட்டியே பேசிய வீட்டில், நெய் ஊற்றும் முன் எடுத்து வைத்த பொங்கல் அந்தப் பிள்ளைக்கு இருக்கும். அவன் தலைக்கட்டு வரி கொடுப்பான், விறகு சுமப்பான், பந்தியில் தண்ணீர் ஊற்றுவான். பேசாத வீட்டில் என்ன ஆகும்? பெரியப்பா இலையில் கறியை வைத்து, “சாமிக்கு வெட்டுனது, திங்காம எந்திரிக்கக் கூடாது” என்பார். பிள்ளை எழுந்து போவான். அவன் அம்மா, பெரியப்பாவுக்கும் பதில் சொல்ல முடியாமல், மகனையும் விட முடியாமல் நடுவில் நிற்பார்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது அந்த அம்மாவையும் ஒரு தரப்பாகச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் அணி கேட்டுக்கொள்கிறது. நன்றி, வணக்கம்.