இட்லிப்பூ செடி ஏன் மஞ்சளாகுது?

வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டப்ப செம்பருத்தி பத்திப் பேசுங்கக்கா, நம்ம மலேசியாவோட தேசியப் பூவாச்சேன்னுதான் சொன்னாங்க. 1960லயே அதைத் தேசியப் பூவா அறிவிச்சுட்டாங்க, வருஷா வருஷம் ஆகஸ்ட்ல சுதந்திர தினம் வந்தா யாராச்சும் அதைப் பத்திப் பேசிடுவாங்க, அதனால நான் இட்லிப்பூ பத்திப் பேசுறேன்னு சொல்லிட்டேன்.

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் லயத்துல வளந்தவங்களுக்குச் சொல்லவே வேணாம், பூவைப் பிடுங்கி அடிக்காம்பை உறிஞ்சுனா ஒரு சொட்டுத் தேன் வரும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வளையல் செய்வோம். மலாய்க்காரங்க ஜாரும்-ஜாரும்பாங்க, சியாந்தான்னும் சொல்வாங்க. நம்ம பழைய தமிழ்ல இதுதான் வெட்சி, மாடு கவரப் போற வீரன் சூடிட்டுப் போற பூ. இப்ப அது தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, வீட்டு கேட் ஓரத்துல நிக்குது, பாவம்.

பாவம்னு ஏன் சொல்றேன்னா, என்கிட்ட வர்ற கேள்வியில பாதி இதுதான்: "அக்கா, இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, உரம் போட்டும் சரியாகல." நான் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், செடி எங்க நிக்குது? சிமெண்ட் சுவரு ஓரமா, இல்ல லோங்காங், அதான் சிமெண்ட் சாக்கடை, ஓரமாம்பாங்க. அங்கதான் விஷயமே இருக்கு. மழை பெய்யப் பெய்ய சிமெண்ட்ல இருக்குற சுண்ணாம்பு கரைஞ்சு மண்ணுல எறங்குது. இட்லிப்பூவும் காப்பிச் செடியும் ஒரே குடும்பம், ரெண்டுக்குமே கொஞ்சம் புளிப்பு மண்ணு, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணுதான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாது, கொளுந்து இலை மஞ்சளாகும் ஆனா நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அதைப் பாத்தாலே நான் சொல்லிடுவேன். நம்ம செம்மண்ணுல இரும்புக்கு என்ன குறைச்சல், சோத்துப் பானைக்குப் பூட்டு போட்ட கதைதான்!

இன்னொண்ணு அடுப்புச் சாம்பல். எங்கம்மா எல்லாச் செடிக்கும் சாம்பல் போடுவாங்க, நானும் கல்யாணம் ஆன புதுசுல அதையே செஞ்சு ஒரு வரிசைச் செடியக் கெடுத்தேன். சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிதான், முருங்கைக்குப் போடுங்க, இதுக்கு வேணாம். காப்பிக் கசடு போடலாமான்னா போடலாம், மண்ணு பொலபொலன்னு இருக்கும், ஆனா அதை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க.

சின்னச் செடின்னா பேத்து சுவத்துலருந்து ரெண்டு அடி தள்ளி வைங்க, நல்லா மக்குன இலைக் குப்பை நெறைய கலந்துக்கோங்க. எடம் இல்லையா, பெரிய பாசு, அதான் பூந்தொட்டி, வாங்கி அதுல வைங்க, அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க, தண்ணி நின்னா வேர் அழுகிடும். உரக்கடையில செலேட்டட் அயர்ன்னு, செடி சுலபமா எடுத்துக்குற மாதிரி செஞ்ச இரும்புச்சத்து, கேட்டு வாங்கி பாக்கெட்ல சொன்ன அளவுக்குக் கலக்கி சாயங்காலமா இலையில அடிச்சா புதுக் கொளுந்து பச்சையா வரும். ஆனா செடி அதே சுவரு ஓரத்துலயே நின்னா திரும்ப மஞ்சளாகும், வருஷம் பூரா மருந்து அடிச்சுட்டே இருக்க வேண்டியதுதான்.

பூக்கவே மாட்டேங்குதா? வெயில் நல்லா படுதான்னு பாருங்க. வெயிலும் இருந்து பூக்கலன்னா நீங்க வெட்டுற கத்திரிக்கோல்தான் காரணம். இது கிளை நுனியிலதான் பூக்கும், நீங்க வேலி நேரா இருக்கணும்னு ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் மெஷின் வச்சு சிரைச்சா அது எங்கேருந்து பூக்கும் சொல்லுங்க. ஒரு கொத்து பூத்து முடிஞ்சதும் வெட்டுங்க, அப்புறம் கைய வைக்காதீங்க. எறும்பு சாரை சாரையா ஏறுச்சுன்னா இலைக்கு அடியில மாவுப்பூச்சி இருக்கும், சோப்புத் தண்ணி அடிச்சாப் போதும்.

நர்சரில போய் காசு கொடுத்து வாங்கணும்னு இல்ல. ரொம்ப எளசாவும் இல்லாம முத்தாமலும் இருக்குற கிளையில ஒரு சாண் வெட்டி, மேல ரெண்டு இலைய மட்டும் விட்டு, ஓட்டை போட்ட மைலோ டின்ல ஈர மணல்ல சொருகி நெழல்ல வைங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும், வேர் வந்துச்சான்னு தெனம் புடுங்கிப் பாக்காதீங்க, என் பேரன் அப்படித்தான் நாலு குச்சிய சாகடிச்சான்.